மோட்டார் வைத்த முதுகுப் பட்டை: கேள்வி-பதில்

கே: முதுகு கூனினால் அதிரும் பெல்ட் செய்தேன். நாற்காலியில் சாய்ந்தாலும் அதிர்கிறது. சென்சார் கோளாறா?

சென்சார் மேல் பழி போட வேண்டாம். எம்பியு-6050 போன்ற சாய்வு சென்சார் ஒன்று மட்டும் இருந்தால் சாய்வைத்தான் சொல்லும். அது கூனா, சாய்ந்து உட்கார்ந்ததா என்று அதற்குத் தெரியாது. கழுத்தடியில் ஒன்று, இடுப்புக்குக் கீழே திரிக எலும்பின் மேல் ஒன்று வையுங்கள். இரண்டின் கோண வித்தியாசம்தான் கூன். சென்சார்கள் கட்டுப்பாட்டுச் சிப்புடன் பேசும் ஐ2சி இணைப்பில் இரண்டுக்கும் முகவரி ஒன்றே என்பதால், ஒன்றின் முகவரியை மாற்ற அதன் ஏடி0 என்ற பின்னை 3.3 வோல்ட்டில் இணைக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது வரும் வித்தியாசத்தைப் பூஜ்யமாக வைத்து, 15 டிகிரி தாண்டி 20 வினாடி நீடித்தால் மட்டும் அதிரவிடுங்கள். இல்லையேல் கீழே விழுந்த பேனாவை எடுத்தாலும் அதிரும். மூன்றாம் நாள் பெல்ட் அலமாரிக்குப் போய்விடும்.

கே: மூட்டை தூக்க உதவும், இடுப்பில் அணியும் கருவியில் ஒவ்வொரு பக்கமும் 20 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டார். அரை மணியில் தொடை சிவந்துவிடுகிறது. சக்தியைக் குறைக்கவா?

குறைக்காதீர்கள், தொடையை அழுத்தும் பேடை மாற்றுங்கள். பேட் இடுப்பு மூட்டிலிருந்து 25 செ.மீ.யில் இருந்தால் தொடையில் 80 நியூட்டன் விழும், அதாவது சுமார் 8 கிலோ எடை. பேட் 8×10 செ.மீ. என்றால் அழுத்தம் 75 மி.மீ. பாதரசம். தோலின் நுண்ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய 32-லேயே நசுங்கத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. பேடை 35 செ.மீ.க்கு இறக்கி, 12×15 ஆக்கினால் அதே மோட்டாரில் 24 ஆகிவிடும். ஆனால் இது சராசரிதான். சிவப்பது பெரும்பாலும் பேடின் விளிம்பில். விளிம்பை வெளிப்புறமாக வளைத்து விடுங்கள்.

பேட் தொடையில் மேலும் கீழும் உரசுகிறதா? மோட்டார் அச்சு இடுப்பு மூட்டுக்கு நேராக இல்லை. காலை உள்ளும் வெளியும் திருப்பினால், இடுப்பின் பக்கவாட்டில் வைத்த விரலுக்குக் கீழே ஓர் எலும்புப் புடைப்பு உருளும். அச்சு அதற்கு நேரே வர வேண்டும்.

கே: மோட்டார் கேபிளை 100 நியூட்டனில் இழுக்கிறது, மறுமுனையில் 60-தான் வருகிறது.

வளைவு தின்கிறது. உராய்வுக் கெழு 0.15 என்றால், கேபிள் ஓடும் உறை மொத்தம் 180 டிகிரி வளைந்தால் 62-தான் மிஞ்சும். நீளத்தைவிட வளைவுகளின் கூட்டுத்தொகைதான் முக்கியம். டெஃப்லான் உறை போடுங்கள்; விசையை அளக்கும் லோட் செல்லை மோட்டார் பக்கம் அல்ல, மறுமுனையில் வையுங்கள்.

கே: 13 வயது மகளுக்கு முதுகுத்தண்டு பக்கவாட்டு வளைவு. மோட்டார் வைத்த பிரேஸ் (உடலைத் தாங்கும் கவசம்) நல்லதா?

கொலம்பியா பல்கலைக்கழகம் 2018-இல் காட்டிய 'ரோஸ்' என்ற மோட்டார் பிரேஸ் ஓர் ஆராய்ச்சிக் கருவிதான். வீட்டில் அணிவதற்கானது அல்ல. சாதாரண பிரேஸுக்கு 2013-லேயே வலுவான ஆதாரம் வந்துவிட்டது: நாளொன்றுக்குச் சராசரி 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பலன். பலன் தருவது அணியும் மணிக்கணக்குதான். மருத்துவர் எழுதிய பிரேஸ் பள்ளிச் சட்டைக்குள் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.