மேல்பொத்தான் முள்ளை நிறுத்தவில்லை என்றால் பழுதா?

கேள்வி: ஹட்டனில் ஒருவர் சாவி கொடுக்கும் பழைய க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியும் உள்ள) வாட்ச் ஒன்றை விற்கிறார். டீமேக்கராக இருந்த அவருடைய தாத்தா அதை ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கினாராம். டயலில் ‘க்ரோனோகிராஃப் ஸ்விஸ்’ என்று இருக்கிறது, இரண்டு சிறு வட்டங்கள். பின்மூடியில் 18 கரட், 0.750. உள்ளே வால்ஜூ 72 என்ற ஸ்விஸ் மெஷின் என்று சொல்லி ஒன்றரை லட்சம் ரூபா கேட்கிறார். மேல்பொத்தானை அழுத்தினால் நடு முள் ஓடுகிறது, திரும்ப அழுத்தினால் நிற்கவில்லை. “சின்னப் பழுதுதான், திருத்திக்கொள்ளலாம்” என்கிறார். வாங்கலாமா? (கொட்டகலை வாசகர்)

பதில்: அது வால்ஜூ 72 இல்லை. மூடியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அந்த மெஷினுக்கு டயலில் மூன்று வட்டங்கள் வேண்டும்; 6 மணி இடத்தில் இருக்கும் மூன்றாவது வட்டம் 12 மணி நேரம் வரை கணக்கு வைக்கும். இரண்டு வட்டத்தோடு வந்த அதன் தம்பி வால்ஜூ 23.

உங்களுடையது 23ஆகவும் இருக்காது என்பது என் எண்ணம். காரணம் அந்தப் ‘பழுது’. வால்ஜூ, வீனஸ், லெமானியா போன்ற கம்பெனிகளின் பெரும்பாலான இரு பொத்தான் மெஷின்களில் மேல்பொத்தான்தான் ஓட்டும், அதுவே நிறுத்தும். கீழ்ப்பொத்தான் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மட்டும். லாண்டரோன் 48 என்ற ஸ்விஸ் மெஷின் வேறு வழி. அதில் மேல்பொத்தானுக்கு ஓட்ட மட்டுமே தெரியும். கீழ்ப்பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் முள் நிற்கும், இன்னொரு தடவை அழுத்தினால் பூச்சியத்துக்கு வரும். அது அந்த மெஷினின் பிறவிக் குணம், பழுதே இல்லை. இது தெரியாமல் நல்ல மெஷினைக் குடைந்து கெடுத்தவர்களும் உண்டு.

ஆகவே மறுபடி போய், கொஞ்சம் சாவி கொடுத்து, முள்ளை ஓடவிடுங்கள். ஓடும்போதே கீழ்ப்பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். முள் நின்ற இடத்திலேயே நின்று, அடுத்த அழுத்தலில் பூச்சியத்துக்குத் தாவினால் லாண்டரோன் என்று கிட்டத்தட்ட உறுதி. கீழ்ப்பொத்தான் அசைய மறுத்தால் விட்டுவிடுங்கள், பலம் காட்டக் கூடாது. அப்படியானால் வேறு மெஷின், மேல்பொத்தானில் நிஜமாகவே கோளாறு.

கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்றால் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். அதை வாட்ச் திருத்துபவரின் மேசையில், விற்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சமையலறைக் கத்தியோடு நீங்களே இறங்க வேண்டாம், மெல்லிய தங்க விளிம்பு மடங்கிவிடும். திறந்ததும் பாலத்தில் (மெஷினின் மேல்தகடு) பெரிய எழுத்தில் தெரியும் ‘17 ஜுவல்ஸ்’, வாட்ச் கம்பெனியின் பெயர் இவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். மூடியில் உள்ள எண்ணும் கேஸின் எண்தான். மெஷின் செய்தவரின் அடையாளம் பெரும்பாலும் பேலன்ஸ் வீலுக்கு அடியில், கீழ்த்தகட்டில் ஒளிந்திருக்கும். வீல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பதால் நேரே பார்த்தால் ஒன்றும் புரியாது. திருத்துபவரின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, ஆரக்கால்களின் இடைவெளியில் பாருங்கள். ஒரு சின்ன முத்திரையும் எண்ணும் தெரியும். நட்சத்திரம் என்றால் வீனஸ். கேடயத்துக்குள் ‘ஆர்’ எழுத்து பழைய வால்ஜூவின் அடையாளம். ‘48’ என்று கண்டால் கதை முடிந்தது.

அப்படியே சாம்பல் நிற எஃகு நெம்புகோல்களையும் பாருங்கள். நம் பக்கத்து மூடுபனியில் வருடக்கணக்காக அலமாரியில் கிடந்த வாட்சில் செம்புழுதி படிந்திருக்கும். பொத்தான் துளைகளுக்குப் பக்கத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். எனக்கு மெஷின் பெயரைவிட இந்தத் துருதான் பெரிய விஷயம்.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘க்ரோனோகிராஃப் ஸ்விஸ்’ ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. உல்லாசப் பயணிகளுக்காக 1940, 50களில் நிறையச் செய்த வாட்சுகளில் அப்படிப் போட்டார்கள். 18 கரட் முத்திரை பொய்யில்லை, ஆனால் பல வாட்சுகளில் அது உள்ளே வேறு உலோகச் சட்டத்தின் மேல் போர்த்திய மெல்லிய தகடுதான். கேஸை மொத்தமாக நிறுத்துத் தங்க விலை போட்டால் ஏமாறுவது நீங்கள். லாண்டரோன் 48 உழைக்கும் மெஷின், லட்சக்கணக்கில் வந்ததால் சாமான் தேடுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் ஒன்றரை லட்சம் என்பது வால்ஜூ 72ஐச் சொல்லிக் கேட்கும் விலை. சோதனையை அவர் கண் முன்னாலேயே செய்துகாட்டி, அப்புறம் விலை பேசுங்கள்.

கேள்வி: மஞ்சள் டயல் சீக்கோ க்ரோனோகிராஃப், பின்மூடியில் 6139-6002. இதில் மெஷின் எண் எது? எவ்வளவு சாவி கொடுத்தும் ஓடவில்லை. (பண்டாரவளை வாசகி)

பதில்: முதல் நான்கு இலக்கம் மெஷின், 1969இல் வந்த தானியங்கி, அதாவது கை அசைவில் தானே சாவி ஏறுவது. பின் நான்கும் கேஸின் எண். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் உள்ள எண்ணும் 6139 என்றுதான் தொடங்க வேண்டும். மீதி மாறுபட்டால் பயமில்லை. மூடியில் தனியாக இருக்கும் சீரியலின் முதல் இலக்கம் ஆண்டைச் சொல்லும்: 4 என்றால் 1974.

இந்த மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. திருகை எவ்வளவு சுற்றினாலும் ஏறாது. கையில் எடுத்து அரை நிமிடம் இலேசாக அசைத்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் ஓடாவிட்டால்தான் பழுது.