முதலிலிருந்து இலக்கணம் படிக்க வேண்டுமா?

கேள்வி: மலைப்பூண்டு விவசாயம் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரை, ‘பிழைகள் அதிகம்’ என்று திரும்பி வந்துவிட்டது. இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா? தினம் ஒரு கட்டுரை எழுதுவதென்று முடிவெடுத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நகல் இணைத்துள்ளேன்.
– வாசகர், பூம்பாறை

பதில்: வேண்டாம் தம்பி. யாப்பும் அணியும் உங்கள் பூண்டுக்கு எதற்கு? சிவப்புப் பேனாவோடு படித்தேன். பிழைகள் நிறைய, ஆனால் வகை மூன்றுதான். ‘பூண்டை பறித்து’, ‘சந்தைக்கு கொண்டுபோய்’, ‘புகையை போட்டு’ எல்லாம் ஒரே தப்பு. ஐ, கு உருபுகளுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: பூண்டைப் பறித்து, சந்தைக்குக் கொண்டுபோய். இதைப் பிடித்துக்கொண்டாலே பாதிச் சிவப்பு போய்விடும். அடுத்தது, வேண்டாத இடத்தில் ஒற்றை வாரி இறைப்பது. ‘காய்ந்தப் பூண்டு’ இல்லை. காய்ந்த, பறித்த, வந்த போன்றவற்றுக்குப் பின் மிகாது. (முதல் தப்புக்குப் பயந்தவர்கள்தான் இதில் விழுவார்கள்.) மூன்றாவது, ‘மூட்டைகள் வந்தது’. வந்தன.

ஆனால் கட்டுரை திரும்பியதற்கு ஒற்று மட்டும் காரணமில்லை என்பது என் கணிப்பு. முதல் பக்கம் முழுக்க, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை. அது பேப்பரிலேயே வந்துவிட்டது. பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவதை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்! என்ன விறகு, எத்தனை நாள், பதம் தெரிவது கையிலா மூக்கிலா? வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் வியாபாரி எதைப் பார்த்து விலை சொல்கிறார்? இதையெல்லாம் நீங்கள்தான் எழுத முடியும்.

தினம் ஒரு கட்டுரை யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு வேலையைப் பற்றி ஒரு பத்தி, போதும். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். அப்புறம் ஐ, கு மட்டும் தேடி ஒரு சுற்று, ‘கள்’ தேடி இன்னொரு சுற்று. எல்லாப் பிழையையும் ஒரே பார்வையில் பிடிப்பது மெய்ப்புப் பார்த்தே கண்ணாடி தடித்த எனக்கே ஆகாது. புகை போடும் பத்தியை முதலில் அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: கையால் எழுதுவது நல்லதா, செல்போனிலா?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: எதிலும் எழுதலாம். போன் என்றால், அனுப்பும் முன் எழுத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். உங்கள் கடிதத்தில் ‘காலையில் கடும் பணி’ என்று இருக்கிறது. குளிரா, வேலையா?