ரசமட்டத்தை ஒதுக்கி வையுங்கள், தரையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹாலிலும் இரண்டு அறைகளிலும் கடப்பா கல் தரை. சுவரின் அடியில் பெயின்ட் உரிந்து பார்க்கச் சகிக்காமல் இருந்ததால் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடிப் பட்டை, அடிக்கச் சொன்னோம். ஒரு அறை முடிந்தது. பலகைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடத்தில் காகிதம்கூட நுழையவில்லை, இன்னொரு இடத்தில் சுண்டுவிரலே போகிறது. ஆசாரி ரசமட்டம் வைத்துத்தான் அடித்தார், அதில் குறை இல்லை. சந்தில் வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். வைக்கலாமா? மற்ற அறைகளுக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வெள்ளை சிமென்ட் வேண்டாம். கல் அசையாது, பலகை அசையும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் இந்த மாதிரி பிளாஸ்டிக் கலந்த பலகை நீளும், மார்கழியில் சுருங்கும், நடுவில் மாட்டிக்கொண்ட சிமென்ட் விரிசல் விட்டுத் துண்டு துண்டாக வரும். பெருக்கும்போது துடைப்பத்தோடு வந்துவிடும்.

ஆசாரி மட்டம் பார்த்ததுதான் இங்கே வினை. அந்தக் காலத்து வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள் என்பதால் வாசல் பக்கமோ தூம்புப் பக்கமோ வாட்டம் விட்டுத்தான் கல் பதித்திருப்பார்கள். அதன் மேல் பலகையை நீர்மட்டமாக அடித்தால் ஒரு கோடியில் தரையில் உட்காரும், மறுகோடியில் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் கண் ரசமட்டத்தின் குமிழியைப் பார்ப்பதில்லை, பலகையைத் தரையோடு வைத்துத்தான் பார்க்கும். அதனால் வாட்டத்தோடு பலகையும் சாயட்டும். மேடு பள்ளத்துக்கு மட்டும் பலகையை வெட்டினால் போதும்.

எது வாட்டம், எது மேடு பள்ளம் என்று கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். ஒரே கனமுள்ள இரண்டு மரத்துண்டுகளைச் சுவரோரம் இரண்டு கோடியிலும் வைத்து, அவற்றின் மேல் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, அடிக்கு ஒரு இடத்தில் நூலுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டே போங்கள். துண்டின் கனத்தைவிடக் குறைந்தால் அங்கே மேடு, கூடினால் பள்ளம். வாட்டம் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் நூலும் அதே வாட்டத்தில்தான் ஓடுகிறது.

இப்போது பலகையைச் சுவரோடு நிறுத்தி, அதன் மேல் விளிம்பு நூலுக்கு இணையாக வரும்படி அடியில் ஆப்பு சொருகுங்கள். அதிகமான சந்து எங்கே, எவ்வளவு என்று பாருங்கள். 10 மில்லிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சின்ன மரத்துண்டை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்துப் பிடித்து, முனை பலகையைத் தொட்டபடி இருக்க, துண்டைத் தரையிலேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்துங்கள். தரையின் நெளிவு அப்படியே பலகையில் கோடாக விழும். (பென்சில் படுத்திருந்தாலும் துண்டின் கனத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கோடு விழும், அதற்கேற்ப துண்டை ஒரு நூல், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லியதாக எடுத்துக்கொள்ளலாம்.) கோட்டுக்குக் கீழே உள்ளதை ஜிக்சாவால் வெட்டி, இழைப்புளியாலோ அரத்தாலோ சீர் செய்ய வேண்டும். வெட்டும்போது பலகையின் முதுகுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சரித்து எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் முன் விளிம்பு தரையோடு படியும். இதை ஆசாரிகள் சமையலறை அலமாரிப் பலகைக்கு எப்போதும் செய்கிறவர்கள்தான், ஸ்கர்ட்டிங் என்றால் மட்டும் ஏனோ சோம்பல் வந்துவிடுகிறது.

மேடான இடத்தில் பலகை 10 மில்லிமீட்டர் உயரம் இழக்கும் என்பதால் 3 அங்குலம் வாங்காதீர்கள், 4 அங்குலம் வாங்குங்கள். டிசைன் மேலே இருந்து, கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிற வகையாகப் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கிற பிவிசி பட்டை இந்த வேலைக்கு ஆகாது, அடியை வெட்டினால் ஓட்டை தெரியும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பக்கமே போகாதீர்கள், மாப் தண்ணீரில் ஊதிவிடும். ஒன்பதடிப் பலகை, வெயில் 20 டிகிரி கூடினால் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நீளலாம், ஆகவே மூலையில் கொஞ்சம் இடம் விட்டு, மீதிச் சந்தை அக்ரிலிக் சீலன்டால் மூடுங்கள். சிலிக்கான் வைத்தால் அதன் மேல் பெயின்ட் நிற்காது. தரையோரமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மிஞ்சினால் இதே சீலன்ட்தான்.

நூல் அளவில் ஒரே ஒரு கல் மட்டும் விரலளவு தூக்கிக்கொண்டு நின்றால் பலகையை வெட்டிப் பயனில்லை, கொத்தனாரை வைத்து அந்தக் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதியுங்கள்.

முடித்த அறையில் பலகையைப் பிடுங்க வேண்டாம், பசை வைத்து ஒட்டியிருந்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். மெல்லிய கால்வட்ட பீடிங் (கால் பங்கு வட்ட வடிவில் இருக்கும் பட்டை) வாங்கி, தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பலகையில் ஆணி அடியுங்கள். அது வளைந்து கொடுக்கும்.

அப்புறம் ஒன்று. அடிச்சுவரில் பெயின்ட் உரிகிறது என்கிறீர்களே, அது ஓதமாக (சுவரில் ஏறும் ஈரமாக) இருந்தால் ஸ்கர்ட்டிங் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. தொட்டுப் பாருங்கள், ஈரமோ வெள்ளை உப்போ இருந்தால் முதலில் அதைக் கவனித்துவிட்டு மற்ற அறைகளில் கை வையுங்கள்.

கேள்வி: டைல்ஸிலேயே ஸ்கர்ட்டிங் வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காது அல்லவா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: தொல்லை இருக்கிறது, தெரியாமல் மறைகிறது, அவ்வளவுதான். மேல் விளிம்புக்கு நூல் கட்டி ஒட்டுவார்கள், அடியில் வரும் சந்தில் கிரவுட்டை (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) நிரப்பிவிடுவார்கள். 3 மில்லிமீட்டர் வரை அது அழகாகவே இருக்கும், அதற்கு மேல் போனால் டைல்ஸின் அடியை வெட்டி இறக்கச் சொல்லுங்கள். கம்பெனி விளிம்பு மேலே, வெட்டிய விளிம்பு கீழே. முடிந்தால் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு உள்ளே இறக்கிப் பதியுங்கள், மேல் விளிம்பில் தூசி படிய இடமிருக்காது.