செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் யார் போட்ட பூட்டு?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு கடையில் 24,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். பிரின்டருக்காக ஐபி முகவரியை மாற்றப் போனால் நெட்வொர்க் செட்டிங்ஸ் எல்லாம் மங்கலாக இருக்கிறது, அழுத்தினால் வேலை செய்யவில்லை. 'அனுமதி இல்லை, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்' என்கிறது. விண்டோஸை மறுபடி போட்டுத் தர 1,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பூட்டு யாருடையது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' போய் 'யுவர் இன்ஃபோ'வைத் திறங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இல்லையென்றால், கடைக்காரர் உங்களுக்குச் சாதாரண கணக்கைக் கொடுத்துவிட்டு அட்மின் கணக்கைத் தன்னிடம் வைத்திருக்கிறார். அதன் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்குக் காசு கேட்பது அநியாயம்.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே இருக்கிறதா? அதே அக்கவுன்ட்ஸில் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' பகுதியைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் பெயர் அங்கே இருந்தால் விஷயம் பெரிது. லேப்டாப் முன்பு அந்தக் கம்பெனியில் இருந்திருக்கிறது, அவர்களுடைய கட்டுப்பாட்டை எடுக்காமலே உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அங்குள்ள ஐடி ஆட்கள் நினைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதை மொத்தமாக அழிக்க முடியும். உள்ளே இருப்பதோ உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கு. கடைக்காரரிடம் பேசுவதற்கு முன்பே எல்லா ஃபைல்களையும் வெளியே எடுத்து வையுங்கள்.

பிறகு, அவர் செலவிலேயே விண்டோஸை மறுபடி போடச் சொல்லுங்கள். போடும்போது பக்கத்திலேயே இருங்கள். தொடக்கத் திரைகளில் இணைய இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும். சில கடைகளில் நெட் இல்லாமல் அந்தத் திரைகளைக் கடந்துவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இணைத்தபின் அதே கம்பெனியின் பெயர் வந்து, அவர்களுடைய மின்னஞ்சலைக் கேட்டால் அது 'ஆட்டோபைலட்' பதிவு, அதாவது கம்பெனி தன் லேப்டாப் என்று மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைத்திருப்பது. அந்தப் பதிவு மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருப்பதால் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் திரும்ப வரும். பழைய கம்பெனி விடுவித்தால்தான் போகும். அப்படியானால் வேறு லேப்டாப் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

'ஆபீசுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது' என்று சிலர் மிரட்டுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பில், வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கம்பெனிப் பெயர் தெரியும் திரையின் போட்டோ, மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

பிரின்டர் வேலை அதுவரை நிற்க வேண்டியதில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸில், கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் 'டிஹெச்சிபி' பக்கத்தில் பிரின்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். லேப்டாப் செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.