பனிக்கு எந்த வண்டி?

கேள்வி: மொன்றியலில் இருக்கிறோம். பனிக்காலத்துக்கு உயரமான பெரிய வண்டியான டொயோட்டா ஃபோர்ரன்னர்தான் வேண்டும் என்கிறார் கணவர். எனக்கோ அதைவிடச் சிறிய சுபாரு க்ராஸ்ட்ரெக் போதும் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான்! நகரத்துச் சாலையில் ஓரிடம் காய்ந்தும் அடுத்த வளைவு கண்ணாடியாய் உறைந்தும் கிடக்கும், அங்கே ஃபோர்ரன்னரின் பல மாடல்களில் நான்கு சக்கர இயக்கத்தை நாமே போட்டுப் போட்டு எடுக்க வேண்டும், க்ராஸ்ட்ரெக்கில் அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். க்ராஸ்ட்ரெக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 22 செ.மீ. உயரம், தெருப்பனிக்குத் தாராளம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது காப்பாற்றுவது டயர் மட்டுமே. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். உங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். அப்புறம், காலையில் ஃபோர்ரன்னரின் கூரைப் பனியைத் தள்ளப்போவது யார்? கை எட்டுமா என்று அவரையே கேளுங்கள்.