மார்த்தாண்டத்து ரப்பர் கடைக்கு ஏஐ பில் போடுமா?

"ஏஐயே கோடு (புரோகிராம்) எழுதுகிறது, இனி பிள்ளையை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பது வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் பக்கம் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் பெற்றோர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கோடு தட்டுவதற்கு மட்டும் சம்பளம் வாங்குகிறவர் வேலை போகும். மழுப்ப ஒன்றுமில்லை. லாகின் பக்கம், எக்ஸெல் ரிப்போர்ட், டேட்டாபேஸ் டேபிளில் இருப்பதைத் திரையில் காட்டுவது என்று புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வருஷம் கொடுப்பதெல்லாம் ஏஐக்கு நிமிஷ வேலை.

மீதியைப் பார்ப்போம். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் வேண்டும். "எடை, விலை, பில்" என்று கேட்டால் ஏஐ பளிச்சென்று ஒன்று தரும். ஆனால் ஷீட் சரியாகக் காயாவிட்டால் எடையில் கழிவு உண்டு. சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. சிலர் ஷீட்டை இன்று இறக்கிவிட்டு, விலை ஏறியபின் வந்து கணக்கு முடிப்பார்கள். அப்போது சரக்கு வந்த தேதி வேறு, விலை போட்ட தேதி வேறு. நீங்கள் சொல்லாவிட்டால் ஏஐ பெரும்பாலும் ஒரே தேதிதான் வைக்கும். ஆறு மாதம் கழித்துப் பிரிக்கப் போனால் பழைய பில் அத்தனையும் கையால் திருத்த வேண்டும். கடைக்காரரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், அவருக்கு அது அன்றாடம். கேட்டு வாங்குவதுதான் இன்ஜினியர் வேலை.

சரி, எல்லாம் சொல்லியாயிற்று. பில் தொகையில் 50 பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு வரித்தொகைக்குச் சொல்வதும் இதையே. ஏஐ பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் சாதாரண 'ரவுண்ட்' போட்டுத் தந்தால் 1251.50 சரியாக 1252 ஆகும், 1250.50 மட்டும் 1250 ஆகிவிடும். காரணம், பைத்தான் சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 50 பைசாவில் முடியும் பில்களில் ஏறக்குறைய பாதி சரி, பாதி ஒரு ரூபாய் குறைவு. இப்படிப்பட்ட தப்பு லேசில் கண்ணில் படாது. பைத்தானில் துல்லியமான தசமக் கணக்குக்கு உள்ள டெசிமல் வகையை எடுத்து, பாதியை மேலே ஏற்றும் 'ரவுண்ட் ஹாஃப் அப்' முறையைக் கொடுக்க வேண்டும். தொகையையும் மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 0.1 என்பதே துல்லியமாக இல்லாமல், புள்ளிக்குப் பின் நீண்ட வால் இலக்கங்களோடு உள்ளே போகும்.

கோடு சரியா என்று பார்க்கும் டெஸ்டையும் ஏஐயையே எழுதச் சொன்னால் 1250.30, 1250.70 என்று சுலபமான எண்ணாக எடுத்துப் பாஸ் காட்டிவிடும். 1250.50, 1251.50, பூஜ்யம், ரிட்டர்ன் பில் ஆகியவற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பிறர் எழுதி வைத்த கோடை இறக்கிக்கொள்ளும் பேக்கேஜ் என்றால், இல்லாத ஒன்றின் பெயரையும் ஏஐ சிலசமயம் கூசாமல் சொல்லும். அதே பெயரில் எவனாவது கெடுதல் செய்யும் கோடை வைத்திருக்கலாம், பார்க்காமல் இறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் ஏஐக்கு எழுதும் அனுமதி வேண்டாம், படிக்க மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு.

"ஏஐ எதிரி" என்று கமெண்டில் கிளம்பாதீர்கள், தினமும் அதை வைத்துத்தான் வேலை. 2025-ல் ஏஐயை ஆராயும் எம்இடிஆர் அமைப்பு 16 அனுபவமுள்ள புரோகிராமர்களை வைத்துப் பார்த்ததில், ஏஐ இருந்தபோது வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நினைத்தார்கள். அது அவரவர் பல வருஷம் கையாண்ட பெரிய பழைய கோடில் பார்த்தது, அன்றைய கருவிகளோடு. புதுச் சின்ன வேலைக்குப் பொருத்திப் பேசக்கூடாது.

எனக்கு ஆத்திரம் ஏஐ மேல் இல்லை. ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைப் பார்த்து எழுதி, ஓரத்தில் ஸ்கேலால் கோடு போட்டால் லேப் மார்க் தருகிற கல்லூரிகள் மேல்தான். பழங்கால புரோகிராம் கருவியான டர்போ சி-யின் நீலத்திரை இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அங்கே போய் அடுத்தவன் கோடில் தப்பு கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? சேர்க்கும் முன் இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: கிட் தெரியுமா, டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் இரண்டு டேபிளை இணைக்க வருமா, தப்பு தேட உதவும் டீபக்கரைத் திறந்ததுண்டா என்று. மூன்றுக்கும் முழித்தால் வேறு கல்லூரி பாருங்கள், பாடத்தை மாற்ற வேண்டாம்.