ஏர் பிஸ்டலில் இலக்கைப் பார்க்காமல் முன்குறியைப் பார்க்கச் சொல்வது ஏன்?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கும் பலருக்கும் வரும் குழப்பம் இது. குழல் நுனியில் நிற்கும் சின்னக் கறுப்புத் துண்டுதான் முன்குறி. பிஸ்டலின் பின்பக்கம், நடுவே வெட்டு விட்ட தகடு பின்குறி. அந்த வெட்டுக்குள் முன்குறி இருபுறமும் சம இடைவெளியோடு, மேல்விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

காரணம் வெறும் கணக்கு. இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். இலக்கோ 10 மீட்டர் தள்ளி. முன்குறி 1 மில்லிமீட்டர் பிசகினால் பெல்லட் (பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு) இலக்கில் சுமார் 30 மில்லிமீட்டர் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான்! குறிகள் நேராக இருந்து, கை மொத்தமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் அவ்வளவுதான் நகரும்.

கண்ணுக்கு இரண்டு தூரமும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. போன் கேமராவில் முகத்தைத் தொட்டால் பின்னால் இருக்கும் கோபுரம் மங்குகிறதே, அதுபோல. இலக்கு மங்கட்டும், பரவாயில்லை. ஆரம்பத்தில் பெல்லட் போடாமல் வெள்ளைச் சுவரை நோக்கி விசையை அழுத்தப் பழக்குவதும் இதற்காகத்தான். அலுப்பான வேலைதான்.

கை துளியும் ஆடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலிம்பிக் வீரர்கள் கையும் ஆடும். ஆட்டம் நிற்கும் நொடிக்குக் காத்திருந்து விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் குறிகளைக் கலைக்கிறது.